திருச்சி – சிங்கப்பூர்: 2,980 கிலோமீட்டர், ஆனால் எத்தனை மணி நேரம்?

டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். திருச்சியில் 01.15க்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் 08.00க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், கழித்துப் பார்க்கையில் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது. திரும்பும் டிக்கெட்டில் சிங்கப்பூர் 20.30, திருச்சி 22.10. வெறும் ஒரு மணி நாற்பது நிமிடம். பேரப்பிள்ளையைப் பார்க்க முதல்முறை கிளம்பும் கும்பகோணத்துத் தாத்தாவும் மன்னார்குடி அம்மாச்சியும் "போறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டு பயணமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஒன்று நாலேகால் மணி நேரம், மற்றது நாலு மணி பத்து நிமிடம். மீதி வித்தியாசம் முழுக்க இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வேலை. ஆனால் அந்த நாலேகால் மணி நேரமும் விமானம் வானில் இருக்கும் நேரம் அல்ல. தூரம் என்றைக்கும் ஒன்றுதான். நேரம் மாதத்துக்கு மாதம், சில சமயம் நாளுக்கு நாள் மாறும். டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு வீட்டு வாசல் முதல் அங்கே போய்க் கதவைத் தட்டும் வரை ஆகும் நேரம் இன்னொரு தனிக் கணக்கு. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

தூரத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்

திருச்சி விமான நிலையம் வட அட்சரேகை 10.77 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 78.71 பாகையில் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி 1.36, 103.99. வித்தியாசம் வடக்கு தெற்காக 9.4 பாகை, கிழக்கு மேற்காக 25.28 பாகை.

ஒரு பாகை அட்சரேகை 111.2 கிலோமீட்டர். ஆகவே தெற்கே இறங்கும் தூரம் சுமார் 1,046 கி.மீ. தீர்க்கரேகைப் பாகை நிலநடுக்கோட்டில் மட்டும்தான் அதே 111.2, வடக்கே போகப் போகச் சுருங்கும். இரு ஊர்களுக்கும் நடுவில் உள்ள அட்சரேகை சுமார் 6 பாகை. அதன் கொசைன் 0.994. எனவே 25.28 × 111.2 × 0.994 என்று பெருக்கினால் கிழக்கே போகும் தூரம் சுமார் 2,795 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,984 கி.மீ. பூமியின் உருண்டை வடிவத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கும் பெருவட்ட முறையில் வருவது 2,980. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் நாலே கிலோமீட்டர்தான் தவறுகிறது. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கிடைக்கும் சலுகை இது. சென்னை – டோக்கியோ கணக்கை இப்படிப் போட்டால் பிழை பெரிதாகிவிடும்.

இணையத்தில் ஒரே ஊர்களுக்கு 2,970 என்று ஓரிடத்திலும் 1,852 என்று இன்னோரிடத்திலும் 1,609 என்று மற்றோரிடத்திலும் பார்க்கலாம். முதலாவது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. இரண்டாவது சாதாரண மைல். மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. ஆகப் பெரும்பாலும் எண்கள் முரண்படவில்லை, அலகுதான் வேறு. 1,609 என்ற எண்ணை மைல் என்று நினைத்துக் கிலோமீட்டராக மாற்றினால் 2,590 என்று தப்பாக வரும். பல "எத்தனை மணி நேரம்" கணக்குகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

அந்த நேர்க்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது டெல்டாக்காரர்களுக்குச் சுவாரசியமானது. திருச்சியிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து (திசைமானியில் சுமார் 109 பாகை) கிளம்பும் கோடு ஒரத்தநாட்டை ஒட்டிப் போய், திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே நுழைந்து, வேதாரண்யம் பக்கம் கடலைத் தொடுகிறது. திருச்சியிலிருந்து அதுவரை 130 கிலோமீட்டர் சொச்சம். ஏறுமுகத்தில் இருக்கும் விமானத்துக்குக் கால் மணி நேரம். வேதாரண்யத்துக்காரர் சாலை வழியே 160 கிலோமீட்டர் போல மேற்கே வந்து விமானம் ஏறினால், நேர்பாதையில் போகும் நாளில் அவர் வீட்டுத் தலைக்கு மேலேயே திரும்பிப் போகிறார். அதற்காக யாரும் வருந்திப் பயனில்லை. தஞ்சாவூரில் உள்ள பெரிய ஓடுதளம் விமானப்படைக்கு உரியது. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே மக்கள் போனது கப்பல் காலத்தில். ரஜூலா, பிறகு எம்.வி. சிதம்பரம் என்று பினாங்கு தொட்டுச் சிங்கப்பூர் போன கப்பல்களின் பயணம் நாட்கணக்கில் நீளும். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் சேவை முடிந்துபோனது.

கடலுக்கு மேல் கோடு வங்காள விரிகுடாவின் தெற்குப் பகுதியைக் குறுக்கே வெட்டி, பெரிய நிக்கோபாரின் தென்முனைக்குத் தெற்கே 150 கிலோமீட்டர் போலத் தள்ளி, சுமத்ராவின் ஆச்சே மாநிலத்தில் கரையேறுகிறது. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை போன இடங்களாக மெய்க்கீர்த்தி சொல்லும் மாநக்கவாரமும் இலாமுரிதேசமும் இந்தப் பக்கத்தவைதான். அதன் பிறகு மேடான் நகரத்தை ஒட்டி மலாக்கா நீரிணைக்கு வந்து, ஜோகூர் கரையோரமாகச் சாங்கிக்கு இறங்குகிறது. உண்மையில் விமானங்கள் இந்தக் கோட்டில் அப்படியே போவதில்லை. வான்வழிகள் குறிப்பிட்ட புள்ளிகள் வழியே போடப்பட்டவை. சென்னை வான்கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து கோலாலம்பூர் அல்லது ஜகார்த்தா எல்லைக்கும், கடைசியில் சிங்கப்பூர் எல்லைக்கும் கைமாற வேண்டும். பல நாட்களில் பாதை சற்று வடக்கே ஏறி சுமத்ராவின் மேல்முனையைச் சுற்றிப் போகும். இதனால் இரண்டு மூன்று சதவீதம், அதாவது 60 முதல் 90 கிலோமீட்டர் வரை கூடலாம்.

நாலேகால் மணி நேரத்தைப் பிரித்தால்

பலர் போடும் கணக்கு: விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும்; 2,980ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்; அப்புறம் ஏன் டிக்கெட்டில் நாலேகால்? அந்த 850 என்ற வேகத்தில் விமானம் எல்லா நேரமும் போவதில்லை என்பதே விடை.

இந்தத் தடத்தில் பறப்பவை ஏர்பஸ் ஏ320 குடும்பத்தையோ போயிங் 737 வகையையோ சேர்ந்த, நடுவில் ஒரே நடைபாதை கொண்ட விமானங்கள். அவற்றின் உயரப் பயண வேகம் ஒலியின் வேகத்தில் சுமார் 78 சதவீதம். 35,000 அடி உயரக் குளிரில் அது மணிக்கு 840 கிலோமீட்டர் அளவில் வரும். ஆனால் அந்த உயரத்தை எட்ட 22 முதல் 25 நிமிடம் ஆகும். அதற்குள் கடப்பது 230 கி.மீ. போல. இறங்குவதற்கும் அதே அளவு, சாங்கியில் சற்றுக் கூடுதல். நடுவில் எஞ்சும் 2,510 கிலோமீட்டரை 840இல் கடந்தால் இரண்டு மணி 59 நிமிடம். ஏற்றமும் இறக்கமும் சேர்த்தால் 3 மணி 50 நிமிடத்தை நெருங்குகிறது. பாதை வளைவுக்கு நாலைந்து நிமிடம்.

இதற்கு முன்னும் பின்னும் தரையில் ஓடும் நேரம் இருக்கிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரமல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். வருகை நேரம் என்பதும் சாங்கியில் வாயிலில் வந்து நிற்கும் நேரம். விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். திருச்சியில் எஞ்சினை இயக்கி ஓடுதள முனைக்குப் போகப் பத்து நிமிடம், சாங்கியில் இறங்கி வாயிலுக்கு வர எட்டு, பத்து நிமிடம். கூட்டினால் நாலேகால். விமான நிறுவனங்கள் இதற்கு மேலும் ஐந்து பத்து நிமிடம் சேர்த்து அட்டவணை போடுவது வழக்கம். அதனால்தான் ஐந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விமானி வேகமாக ஓட்டி ஈடுகட்டியதாகப் பயணிகள் நினைப்பார்கள். பெரும்பாலும் அட்டவணையில் இருந்த இடைவெளிதான் ஈடுகட்டியிருக்கும்.

ஓடுதளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியின் ஓடுதளம் 8,136 அடி, அதாவது 2,480 மீட்டர் நீளம். கிழக்கு மேற்காக 09, 27 என்ற எண்களோடு கிடக்கிறது. விமானம் எதிர்காற்றை நோக்கித்தான் எழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது கிழக்கு நோக்கி எழும்பி நேரே டெல்டா மேல் போய்விடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பலமாக இருக்கும்போது மேற்கு நோக்கி எழும்பி, திரும்பி வர வேண்டும். இதற்குச் சில நிமிடம் கூடும், அவ்வளவுதான். சிங்கப்பூர் தூரத்துக்கு இந்த நீளம் தாராளம். நெருக்கடி வந்தால்தான் நீளமும் எடையும் பேசும். 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஒரு விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திருச்சிக்கு மேலேயே சுமார் இரண்டரை மணி நேரம் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியதை டெல்டாவே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்த வகைச் சிறிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். அந்த வட்டங்களுக்குக் காரணம் அதுதான்.

ஆடிக்காற்று கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை

"கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். டெல்லிக்காரருக்கு, அதுவும் குளிர்காலத்தில், அது சரி. வட இந்தியாவுக்கு மேலே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பலத்த மேலைத் தாரைக்காற்று (ஜெட் ஸ்ட்ரீம், அதாவது உயரத்தில் ஆறுபோல் விரையும் காற்று) ஓடுகிறது. கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும். அதே விதியைத் திருச்சிக்குப் பொருத்துவதுதான் தவறு. இங்கே நிலைமை பல மாதங்களில் நேர் எதிர்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரைக்காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1950களில் இதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். கோடையில் திபெத்திய மேட்டுநிலம் சூடேறி அதன் மேல் காற்று விரிவதும், தெற்கே கடல் மேல் அந்த அளவு வெப்பம் இல்லாததும் சேர்ந்து இதை உருவாக்குகின்றன. காற்றின் உச்ச வேகம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். நம் விமானங்கள் பறப்பது 10.5, 11.5 கிலோமீட்டரில். ஆகவே தாரையின் அடிப்பகுதியை மட்டும் உரசிக்கொண்டு போகின்றன. அதுவே போதும்.

ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கும் காற்று தரையில் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதே நாளில் ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. காவிரிக் கரையில் நிற்பவருக்குச் சிங்கப்பூர்ப் பக்கம் தள்ளும் காற்று. விமானத்துக்கோ முகத்தில் அறையும் காற்று. வழிநெடுக மணிக்கு 70 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால், தரையைக் கணக்கில் வைத்த வேகம் 840இலிருந்து 770 ஆகிறது. நடுப்பகுதிக்கான 2 மணி 59 நிமிடம் 3 மணி 16 நிமிடமாக நீள்கிறது. திரும்பி வருகையில் அதே காற்று முதுகில் தள்ளும். 910 வேகத்தில் 2 மணி 46 நிமிடம். ஆடியில் போக்குக்கும் வரவுக்கும் அரைமணி நேர வித்தியாசம் இப்படி வருகிறது. இழப்பு 17 நிமிடம், லாபம் 13 நிமிடம் என்பதையும் கவனிக்கலாம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்க வேண்டியிருப்பதால் போனது வந்ததில் முழுதாகத் திரும்புவதில்லை.

ஐப்பசிக்குப் பிறகு பங்குனி வரை இந்த அட்சரேகையில் உயரத்தில் வீசும் காற்றுகள் பலவீனமானவை, நிலையற்றவை. அப்போது இரண்டு திசைக்கும் நேரம் நெருங்கிவிடும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால்தான் நேரம் மாறுகிறது என்று சொல்வது வெறும் கதை. காற்று மண்டலமும் விமானமும் பூமியோடு சேர்ந்துதான் சுழல்கின்றன.

உயரம் பற்றி ஒரு சின்னத் தகவல், ஜன்னல் பக்கம் உட்காருபவர்களுக்கு. கிழக்கே போகும் விமானங்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள்: 33, 35, 37 ஆயிரம் அடி. மேற்கே வருபவற்றுக்கு இரட்டைப்படை: 34, 36, 38. எதிரே வரும் விமானம் ஆயிரம் அடி மேலேயோ கீழேயோ சட்டென்று கடந்து போவதைப் பகலில் பார்க்கலாம்.

நேரத்தைக் கெடுக்கும் இன்னொன்று மேகம். நிலநடுக்கோட்டுப் பகுதியின் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி எழும்பும். சுற்றித்தான் போக வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்பும் காலையிலும், சுமத்ராவில் உருவாகி நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் மேல் பாயும் புயற்சாரல் வரிசைகளை அங்கே சுமத்ரா என்றே அழைக்கிறார்கள். திருச்சியிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானம் சரியாக அந்த நேரத்தில்தான் போய்ச் சேருகிறது. அப்படிப்பட்ட காலைகளில் சாங்கிக்கு வெளியே வட்டமடிக்க வேண்டி வரலாம். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் எரிபொருள் ஏற்றுகிறார்கள். மணிக்கு 2 முதல் 2.5 டன் என்ற கணக்கில் பயணத்துக்கு 9 டன் போல. அதற்கு மேல் எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கு, மாற்று விமான நிலையம் வரை போக ஒரு பங்கு, கடைசியாக அரைமணி நேரம் சுற்ற ஒரு பங்கு. நம் பக்கம் கார்த்திகை, மார்கழியில் வங்கக்கடல் புயல் இருந்தால் பாதையே மாறும். மார்கழி, தையில் விடியற்காலைப் பனிமூட்டம் தரையிறக்கத்தைத் தள்ளிப்போடும்.

இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். வித்தியாசம் இரண்டரை மணி. ஆனால் சூரியனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நாலு நிமிடம், 25.28 பாகைக்கு 101 நிமிடம். அதாவது சாங்கியில் உச்சிவேளை ஆகி ஒரு மணி 41 நிமிடத்தில் திருச்சியிலும் உச்சிவேளை. மீதி 49 நிமிடம் அரசாங்கங்கள் வைத்தது. சிங்கப்பூர் 1981 கடைசி வரை ஏழரை மணிக் கணக்கில்தான் இருந்தது. மலேசியா தன் இரு பகுதிகளையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது கூடவே மாறி, 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணிக் கணக்குக்கு வந்தது. அதற்கு முன் போய்வந்த தலைமுறைக்கு வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் "ரெண்டு மணி நேரம்" என்று சொன்னால் அவர்கள் நினைவு பிசகவில்லை.

இதனால் சிங்கப்பூரில் வருடம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. ஏழு மணி என்பது நம் கடிகாரத்தில் நாலரை. திருச்சியில் 01.15க்குக் கிளம்பியவர் கண்ணயர்வதற்குள் ஜன்னலில் வெளிச்சம் அடிக்கும். அசதிக்குக் காரணம் இந்தச் சுருங்கிய இரவு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் போகும் நாளன்று எந்த ஊர் நேரத்தைப் பின்பற்றுவது என்று கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

நேரத்தைவிட ஆபத்தானது தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 01.15 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி சாயந்திரம் வேன் பேசிவிட்டு வருபவர்களுக்கு விமானம் முந்தின இரவே போயிருக்கும். பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் இந்தத் தவறு குறைவு என்று சொல்லலாம். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, நள்ளிரவில் அல்ல. செவ்வாய் 01.15 விமானம் அவர்களுக்கு இன்னும் திங்கள்கிழமைதான். திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்று பெரியவர்கள் தயிர் சாப்பிடக் கொடுத்துத் திங்கள் மாலையே வாசலைத் தாண்டவைத்துவிடுவார்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

கும்பகோணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். விமானம் 01.15. பன்னாட்டுப் பயணத்துக்குக் கவுண்டரை பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சரியான நேரம் டிக்கெட்டிலேயே இருக்கும். ஆகவே 00.15க்கு மேல் வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பெட்டி போட, இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்கிறார்கள்: 22.15. கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் நூறு கிலோமீட்டர் போல, சாதாரணமாக இரண்டரை மணி நேரம். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் மூட்டை லாரி நிற்கிறது. ரயில்வே கேட்டும் உண்டு. ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு 18.45க்குக் கிளம்ப வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யத்துக்காரர்கள் இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால்.

தஞ்சாவூர் தாண்டி நான்குவழிச் சாலையில் வருபவர்கள் திருச்சி நகருக்குள் போக வேண்டியதில்லை. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. துவாக்குடி அருகே பிரியும் அரைவட்டச் சாலை வழியாக மாத்தூர் வந்தால் நகர நெரிசல் இல்லை; அல்லது டிவிஎஸ் டோல்கேட் வரை வந்து இடதுபக்கம் திரும்பலாம். பேருந்தில் வருபவர்களும் டோல்கேட்டிலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பது சுருக்கம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தினர் புதுக்கோட்டை வழியாக வந்தால் நேரே விமான நிலைய வாசல். ரயிலில் திருச்சி ஜங்ஷன் வந்தால் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். 2024 ஜூனிலிருந்து இயங்கும் புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளுக்கென்று கட்டப்பட்டது. உள்ளே இடம் தாராளம். ஆனாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் இரவுகளில் இமிகிரேஷன் வரிசை நீளும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவதற்கு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள் அவகாசம். இலவசம், பணம் கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல. இதை மறந்துவிட்டுச் சாங்கியில் இறங்கி நிரப்பத் தொடங்குபவர்கள் அரைமணி நேரத்தை அங்கே தொலைக்கிறார்கள். தேதிப் பெட்டியில் இறங்கும் நாள் போட வேண்டும், வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் அல்ல.

08.00க்கு வாயிலில் விமானம் நின்றால் இமிகிரேஷன், பெட்டி முடிந்து வெளியே வர 09.00. ரயிலோ டாக்சியோ பிடித்து வீடு போய்ச் சேர 10.00, நம் நேரப்படி 07.30. கும்பகோணத்தில் 18.45க்குப் பூட்டிய கதவிலிருந்து கணக்கிட்டால் 12 மணி 45 நிமிடம். அதில் விமானம் வானில் இருந்தது நாலு மணி நேரத்துக்குள், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கு தெரிந்தால் மாற்றுவழிகளை எடை போடுவது எளிது. கோலாலம்பூர் வழியாகப் போனால் தூரம் என்ன கூடும்? திருச்சி – கோலாலம்பூர் 2,690, அங்கிருந்து சாங்கி 297, மொத்தம் 2,987. நேர்வழியைவிட ஏழே கிலோமீட்டர் அதிகம், ஏனென்றால் அந்த ஊர் ஏறக்குறைய பாதையிலேயே இருக்கிறது. கொழும்பு வழியாக 419உம் 2,750உம் சேர்ந்து 3,170. சென்னை வழியாக 3,220 போல. தூரத்தில் பெரிய தண்டம் எதிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடைநிறுத்தமும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், இரண்டு முறை தரை ஓட்டம், அதற்கு மேல் காத்திருப்பு. எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண். தீபாவளி, பொங்கல், சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வரும் ஜூன், டிசம்பர் மாதங்களில் நேர் விமானக் கட்டணம் ஏறும்போதுதான் இந்த வழிகளைப் பார்க்கத் தோன்றும். கட்டண வித்தியாசம் கணிசமாக இருந்து, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் எடுக்கலாம். சென்னை வரை ரயிலில் போய் அங்கே ஏறுவது டெல்டாக்காரருக்கு அபூர்வமாகத்தான் கட்டுப்படியாகும்: சென்னை – சிங்கப்பூர் 2,924 கி.மீ., திருச்சியைவிட 56 கிலோமீட்டர் மட்டுமே குறைவு. அதற்காக ஒரு இரவு ரயில்.

திரும்பி வருவோரை அழைக்கப் போகிறவர்கள் 22.10 என்ற வருகை நேரத்தோடு இமிகிரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவே ஆடி, ஆவணி என்றால் விமானம் கால் மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடக்கூடும்.